முப்பத்திரண்டாயிரம் ரூபாய் மதர்போர்டு

க்ரீசன் பெட்டியைத் திறந்தபோது
ரோஸ் ஹில் கடையில் இருந்த மூவருமே எழுந்துவிட்டோம்.
கறுப்பு. ஓரமெல்லாம் வெள்ளிக் கரை.
தோள்களில் கவசத் தகடு.
மார்பில் ஒரு டிராகன், பாலிதீன் தோல் உரியாமல்.

"முப்பத்திரண்டாயிரம்" என்றான்,
பெண் பார்த்துவிட்டு வந்தவன்
அவள் ஊர்ப்பெயரைச் சொல்வதுபோல.

எபேன் கால் சென்டரில் கண்விழித்து,
பாரிசில் யாருக்கோ தொலைந்த சூட்கேசுக்கு
பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுச்
சேர்த்த ஐந்து மாதம் அது.
ஒரு மன்னிப்பு என்ன விலை விழும் என்று
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
மீதி வந்தது.

என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது,
ஐயாயிரத்து எண்ணூறு, பாகல் பச்சை.
அதே பிராசசரைத்தான் அதுவும் சுமக்கும்.
அதே விளையாட்டைத்தான் அதுவும் ஓட்டும்.
நொடிக்கு இரண்டு ஃபிரேம் குறையலாம்,
குறைந்ததைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும்.

சொல்ல வாயெடுத்தேன்.
பலகை சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டது.
எனக்குப் பூட்டுக்கூலி மட்டும்.
பூட்டினேன்.
விளக்குகள் ஊதா, பிறகு நீலம், பிறகு
தீமிதி அன்று இரவு பத்து மணி நிறம்.

ஜனவரிப் புயல் ஓய்ந்து கரண்ட் திரும்பிய வாரம்
ஒரே நாளில் இரண்டு பெட்டிகள் மேசைக்கு வந்தன.
ஒன்று க்ரீசனுடையது.
மற்றது காட்ர் போர்ன் பள்ளி அலுவலகத்து
மதாம் அப்பாசாமியுடையது. பாகல் பச்சை.

பச்சையை முதலில் எடுத்தேன்.
விசிறி சுற்றுகிறது. திரை கறுப்பு.
எங்கே வலிக்கிறது என்றால் சொல்லத் தெரியாது.
ஊமை கண்ட கனவு.
பவர் சப்ளை மாற்றி, பிராசசர் கழற்றி, பேட்டரி பிடுங்கி
ஒரு மதியம் முழுக்க; வாங்கி வைத்த டால் பூரி
காகிதத்தோடு விறைத்துப்போனது.
கடைசியில் பார்த்தால் மெமரிக் குச்சி,
ஈரத்தில் பித்தளைப் பல் பாசி பிடித்து.

க்ரீசனுடையதும் கறுப்புத் திரைதான்.
ஆனால் மூலையில், டிராகனின் வாலுக்குக் கீழே,
சுண்டுவிரல் நகம் அகலத்தில் இரண்டு சிவப்பு எண்:
55.
கையேட்டில் பார்த்தேன். மெமரி தெரியவில்லை, என்றது.
குச்சியை உருவி, பள்ளி அழிரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
ஏழு நிமிடம்.

அவனிடம் இருநூறு வாங்கினேன்.
மதாமிடம் ஆயிரத்து இருநூறு.
"பொருள் விலையில் கால்வாசியா?" என்றார், நியாயமாக.

கணக்கில் நான் கொஞ்சம் கெட்டி.
இதே கோளாறு இருபத்தாறு தடவை வந்தால்தான்
அந்த இரண்டு எண் தன் காசை மீட்கும்.

அவன் வருமுன் கவசத்தைக் கழற்றியும் பார்த்தேன்.
நான்கு திருகு. கீழே
கட்டைவிரல் பருமன் அலுமினியம், மற்றபடி காற்று.
காவடி இறக்கி மயிலிறகு பிடுங்கிய மறுநாள்
முற்றத்தில் கிடக்கும் மூங்கில்தான்.
ஆனால் வெறும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு
மலையேறிய ஒருவரையும் நான் கண்டதில்லை.
திருப்பிப் பூட்டிவிட்டேன்.

க்ரீசன் வந்தான். விளக்கெல்லாம் எரிகிறதே என்றேன்.
"வீட்டில் அணைத்துத்தான் வைப்பேன், தூக்கம் வராது."
பிறகு அந்த எண்ணைக் குனிந்து பார்த்து,
"நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது
என் சட்டைப் பையில் இப்படி ஒன்று எரியணும்," என்றான்.
சிரித்தோம்.

இரவுச் சாப்பாட்டில் சிவென் கேட்டான்,
என்ன, பேச்சையே காணோம்?

"ஒன்றுமில்லை" என்றேன்,
ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்க் குரலில்.